போரில் சேவை செய்தோர் யார்?

(வீரர்கள் நாளையொட்டித் தோட்ட மண்டபமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, பால் சேகரித்து, ஸ்டோரில் எடை போட்டுக் கொடுத்துவிட்டு, ஓய்வெடுக்க வேண்டிய மாலைப்பொழுதில் இம்மண்டபத்திற்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தின் அருமையை நாம் அறிவோம். ஆகவே, பயனுள்ள ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு பேச விரும்புகிறோம்.

ஆண்டுதோறும் ஜூலை 31ஆம் நாளன்று நம் நாட்டில் வீரர்கள் நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. நாட்டுக்காக உயிர் நீத்தவர்களை அன்று தலைதாழ்த்தி வணங்குகிறோம். ஆனால், 1941ஆம் ஆண்டு முதல் 1945ஆம் ஆண்டு வரை இம்மண்ணை உலுக்கிய அந்தப் பெரும்போரில் சேவை செய்தவர்கள் யார் யார் என்று கேட்டால், நம்மிற் பலர் தவறான விடைகளையே சொல்லி வருகிறோம். அத்தவறுகளை இன்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். பிறரைக் குறை கூறுவதற்கு முன், நாம் செய்த தவறொன்றை முதலிற் சொல்லிவிடுகிறோம்.

நாம் தகவல் பணிக்கு வருவதற்கு முன் ஆசிரியப் பணியில் இருந்தோம். 2004ஆம் ஆண்டு, தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியொன்றில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கட்டுரைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, “போர்க்காலத்தில் என் குடும்பம்” என்னும் தலைப்பைக் கொடுத்தோம். ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் மரவள்ளிக் கிழங்கு தின்றதையும், சாக்குத் துணி உடுத்தியதையும் எழுதியிருந்தனர். ஒரே ஒரு சிறுமி மட்டும், “என் பாட்டி சிப்பாயாக இருந்தார்; காக்கிச் சட்டையும் கால்சட்டையும் அணிந்து துப்பாக்கி பிடித்தார்” என்று எழுதியிருந்தாள். நாம் அவ்வரியின் கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டு, “கற்பனை வேண்டா, உண்மையை எழுதுக” என்று குறிப்பு எழுதினோம்.

இரண்டு நாள் கழித்து, எழுபத்தெட்டு வயது மூதாட்டி ஒருவர் வகுப்பறை வாசலில் வந்து நின்றார். அமரச் சொன்னோம், அமரவில்லை. “வாத்தியாரய்யா, எம் பேத்தி பொய் எழுதலைங்க. அந்தச் சிப்பாய் நான்தாங்க” என்றார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பழைய நிழற்படம் ஒன்றை எடுத்து நீட்டினார். காக்கி உடையும் தொப்பியும் அணிந்த நான்கு இளம்பெண்கள் அதில் நிமிர்ந்து நின்றனர். படத்தின் பின்புறத்தில் 2604 என்று எழுதப்பட்டிருந்தது. ஜப்பானியர் காலத்தில் மலாயாவில் அவர்களுடைய ஆண்டுக் கணக்குப் புழங்கியது. அதன்படி 2604 என்பது 1944ஆம் ஆண்டாகும்.

அந்த மூதாட்டி சொன்னதை இவ்வுரையின் இடையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். படித்துப் பட்டம் பெற்று, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பிலிருந்த நமக்கே தெரியாதிருந்தது, அக்குழந்தைக்குத் தெரிந்திருந்தது என்பதை மட்டும் இப்போது மனத்திற் கொள்ளுங்கள்.

இனி, தவறான எண்ணங்களுக்கு வருவோம்.

முதலாவது எண்ணம், “அது வெள்ளைக்காரன் போர், வெள்ளைக்காரனும் ஜப்பான்காரனும் அடித்துக்கொண்டார்கள், நாம் நடுவில் அகப்பட்டுக்கொண்டோம்” என்பது. தோட்டத்துப் பெரியவர்கள் பலர் இவ்வாறு சொல்லக் கேட்டிருக்கிறோம். நடுவில் அகப்பட்டது மெய்தான். ஆனால் போரிட்டவர்கள் வெள்ளையர் மட்டுமே என்பது மெய்யன்று.

கணக்கைப் பார்ப்போம். போர் தொடங்கிய 1941 டிசம்பரில் மலாயாவையும் சிங்கப்பூரையும் காக்க நின்ற தரைப்படையினர் ஏறத்தாழ 88,600 பேர். அவர்களுள் பிரிட்டிஷார் 19,600 பேர். ஆஸ்திரேலியர் 15,200 பேர். இந்தியர் 37,000 பேர். இந்நாட்டிலேயே சேர்க்கப்பட்ட ஆசியர் 16,800 பேர். நூறு பேரை வரிசையாக நிறுத்தினால், ஏறத்தாழ அறுபது பேர் ஆசியர்களாகவே இருந்திருப்பார்கள். அவர்களிலும் நாற்பதுக்கு மேற்பட்டோர் இந்தியர்.

ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8ஆம் நாள், நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் கிளந்தானில் கோத்தா பாரு கடற்கரையில் இறங்கியது. அமெரிக்காவின் பெர்ல் துறைமுகத்தின் மீது குண்டுகள் விழுவதற்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் முந்தியே நம் மண்ணில் போர் மூண்டுவிட்டது. அந்த இருட்டில், கடற்கரை மணலில் காவல் அரண்களுக்குள் இருந்து முதலில் எதிர்த்து நின்றவர்கள் டோக்ராப் படையினர். வட இந்தியாவின் மலையடிவார ஊர்களிலிருந்து வந்த உழவர் மக்கள் அவர்கள். அதன் பின்னர் ஜித்ராவிலும், கம்பாரிலும், சிலிம் ரிவரிலும், மூவாரிலும் நடந்த சண்டைகளில் சீக்கியர், பஞ்சாபி முஸ்லிம்கள், கார்வாலியர், ஜாட்டுகள், கூர்க்கர் எனப் பல வகையினர் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படையினருடன் நின்று மாண்டனர். சென்னையின் பெயரைத் தாங்கிய பொறியியற் படையின் அணிகளும் மலாயாவில் பணியாற்றின. தலைப்பாகை கட்டியவரையெல்லாம் “வங்காளி” என்று ஒரே பெயரால் அழைத்து வந்த நமக்கு, அவர்களுக்குள் எத்தனை மொழியும் எத்தனை மதமும் இருந்தன என்பது தெரியாமற் போயிற்று.

தைப்பிங் நகருக்குச் செல்வோர், மலையடிவாரத்திலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தைச் சென்று பார்க்க வேண்டும். சாலையின் ஒருபுறம் கிறிஸ்துவர்கள். மறுபுறம் இந்துக்களும் முஸ்லிம்களும். 850க்கு மேற்பட்டோர் அங்கே நினைவுகூரப்படுகின்றனர். அவர்களுள் 500க்கு மேற்பட்டோருடைய பெயர் எவருக்கும் தெரியாது. சிங்கப்பூரில் கிராஞ்சி நினைவுச் சின்னத்தின் சுவர்களில் 24,000க்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தனக்கென ஒரு கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் அவை. அவற்றுள் நம் செவிக்குப் பழகிய இந்தியப் பெயர்களை வரிசை வரிசையாகக் காணலாம்.

இரண்டாவது எண்ணம், “உள்ளூர் மக்கள் எவரும் போரிடவில்லை” என்பது. இதுவும் தவறு.

1933ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் போர்ட் டிக்சனில் 25 இளைஞர்களுடன் தொடங்கப்பட்டது மலாய்ப் படை. ஒன்பதே ஆண்டுகளில் அதன் வீரர்கள் சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மேட்டில் தங்கள் திறத்தை உலகுக்குக் காட்டினர். காஜாங்கைச் சேர்ந்த லெப்டினண்ட் அட்னான் பின் சைடி, 1942 பிப்ரவரி 14ஆம் நாள் புக்கிட் சண்டுவில் தம் வீரர்களுடன் இறுதிவரை நின்று உயிர் துறந்தார். மறுநாளே சிங்கப்பூர் சரணடைந்தது. தோல்வி உறுதி என்று தெரிந்த பின்னும் தம் இடத்தை விட்டு அகலாத அவ்வீரரை மலேசியர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

சீனத் தொண்டர்களைக் கொண்டு அவசரம் அவசரமாக அமைக்கப்பட்ட டால்படையினர், போதிய பயிற்சியும் நல்ல ஆயுதமும் இன்றிச் சிங்கப்பூரின் போர்முனைக்குச் சென்றனர். பின்னர் காடுகளிலிருந்து ஜப்பானியரை எதிர்த்தவர்களிற் பெரும்பாலோர் சீனர்களே. படை 136 என்னும் மறைமுகப் படையின் லிம் போ செங், சிறைப்பட்டு, சித்திரவதைக்குள்ளாகி, தோழர்களைக் காட்டிக்கொடுக்காமல் 1944 ஜூன் 29ஆம் நாள் பத்து காஜா சிறையில் மாண்டார். மலாய்க்காரர்களும் பகாங்கிலும் பேராக்கிலும் மறைவுப் படைகளில் சேர்ந்து எதிர்த்தனர்.

பேராக் மாநிலத்தின் பாப்பான் சிற்றூரில் சிபில் கார்த்திகேசு என்னும் தாதி இருந்தார். யூரேசியக் குடும்பத்தில் பிறந்து, தமிழரான மருத்துவர் கார்த்திகேசுவை மணந்தவர். காட்டிலிருந்து வந்த போராளிகளுக்கு அவர் இரகசியமாக மருந்திட்டார். ஒளித்து வைத்த வானொலியில் வெளிநாட்டுச் செய்திகளைக் கேட்டார். 1943ஆம் ஆண்டில் பிடிபட்ட அவரைக் கொடுமைப்படுத்தியவர்கள், அவருடைய சிறு மகளையும் அவர் கண் முன்னே துன்புறுத்தினர். அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை. அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. பட்ட காயங்களிலிருந்து மீளாமலே 1948ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் கையில் துப்பாக்கி இருந்ததில்லை. அவர் போரில் சேவை செய்யவில்லை என்று எவரேனும் சொல்ல இயலுமா?

மூன்றாவது எண்ணம் நமக்கு மிக நெருக்கமானது. “நேதாஜியின் இந்திய தேசிய இராணுவம் என்பது சிறைப்பட்ட வட இந்தியச் சிப்பாய்களின் படை, அதில் தமிழருக்குப் பெரும் பங்கில்லை, பெண்கள் படம் பிடிப்பதற்காக நிறுத்தப்பட்டவர்கள்” என்று சிலர் எண்ணுகின்றனர்.

இவ்வெண்ணம் எவ்வாறு பிறந்தது என்பதை விளங்கிக்கொள்வது எளிது. அப்படை முதன்முதலில் 1942ஆம் ஆண்டில், ஜப்பானியரிடம் சிறைப்பட்ட இந்திய வீரர்களைக் கொண்டு, கேப்டன் மோகன் சிங் தலைமையில் அமைந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அது கலைந்தது. போர் முடிந்த பின் 1945 நவம்பரில் டில்லிச் செங்கோட்டையில் தொடங்கிய விசாரணையில் நிறுத்தப்பட்ட ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகிய மூவரும் வட இந்தியர்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையில் முன்னர் அதிகாரிகளாய் இருந்தவர்கள். செய்தித்தாள்கள் அவர்கள் பெயரையே எழுதின. உலகமும் அவர்களையே நினைவில் வைத்துக்கொண்டது.

ஆனால் நடுவில் நிகழ்ந்தது வேறு. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்றதும், மலாயாவின் குடிமக்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் படையிற் சேர்ந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களிலும் மிகப் பலர் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சென்றவர்கள். பால்வாளி தூக்கிய தோள்கள் துப்பாக்கி தூக்கின. அவர்களுள் பலர் இந்தியாவைக் கண்ணால் கண்டதுமில்லை.

பெண்களின் படைக்கு ஜான்சி ராணியின் பெயர் சூட்டப்பட்டது. பெயரைக் கேட்டவுடன் வடநாட்டுப் பெண்களின் படை என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அதில் சேர்ந்தவர்களிற் பெரும்பாலோர் மலாயாவில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் பெண்கள். அதன் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைவியானார். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர் பதினெட்டு வயதில் சேர்ந்து அவருக்கு அடுத்த நிலைக்கு உயர்ந்தார். பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன் என்னும் பெயரில் நம் நாட்டின் மேலவையில் அமர்ந்தார். ஈப்போவைச் சேர்ந்த ராசம்மா தம் சகோதரியுடன் சேர்ந்தார். பின்னாளில் ராசம்மா பூபாலன் என்னும் பெயரில் ஆசிரியையாகப் பணியாற்றி, பெண் ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் கேட்டுத் தொழிற்சங்கம் அமைத்துப் போராடினார். படை முகாமில் நிமிர்ந்து நிற்கப் பழகியவர்கள், பின்னரும் குனியவில்லை என்பதற்கு இவர்கள் சான்று.

படித்த குடும்பத்துப் பெண்களின் பெயர்கள் இவ்வாறு நூல்களில் இடம்பெற்றன. தோட்டத்திலிருந்து சென்றவர்களின் பெயர்களோ பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை. நம் வகுப்பறை வாசலில் நின்ற மூதாட்டியும் அவ்வாறு எழுதப்படாதவர்களுள் ஒருவர். ஏன் சேர்ந்தீர்கள் என்று அவரைக் கேட்டோம். மேடைப் பேச்சுக்குரிய விடையை எதிர்பார்த்தோம். அவர் சொன்னார்:

“எங்க அண்ணனைச் சயாமுக்குக் கொண்டுபோனாங்க. திரும்பி வரலை. அடுத்து வீட்டுல யாருன்னு தெரியலை. படையில சேர்ந்தா சோறு கிடைக்கும், யாருக்கும் பயப்படாம நடக்கலாம்னுதான் போனேன். நாடு, விடுதலைங்கிறதெல்லாம் முகாமுக்குப் போனப்புறந்தான் விளங்குச்சு.”

சண்டையில் சுட்டீர்களா என்று கேட்டோம். “சுடப் பழகினேன். ஆளைச் சுட்டதில்லை. பர்மாவுல மேமியோங்கிற ஊர் ஆஸ்பத்திரியில காயம்பட்டவங்களுக்குக் கட்டுப் போட்டேன். அதை எழுதச் சொல்லுங்க. பாட்டி சுட்டான்னு மட்டும் எழுதிட வேண்டாம்” என்றார்.

அன்பர்களே, இவ்விடத்தில் நான்காவது தவறான எண்ணம் ஒன்று அடிபட்டுப் போகிறது. நம் மக்களின் பங்கை மறைப்பது ஒரு தவறு. அதை ஊதிப் பெரிதாக்குவது மற்றொரு தவறு. ஜான்சி ராணிப் படையினர் இம்பால் போர்முனையில் துப்பாக்கிச் சண்டை இட்டனர் என்று சிலர் மேடைகளில் முழங்குகின்றனர். அப்படை பர்மாவுக்குச் சென்றது. முன்னணிக்குச் செல்ல அணியமாகவும் இருந்தது. ஆனால் இம்பால் முயற்சி 1944ஆம் ஆண்டின் நடுவில் தோல்வியுற்றதால், பெண்கள் ஒரு படையாகப் போர்முனையில் இறக்கப்படவில்லை. அவர்கள் குண்டுவீச்சுக்கு இடையே காயம்பட்டோரைப் பேணினர். 1945 ஏப்ரல் இறுதியில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, இரவில் நடந்தும் பகலில் மறைந்தும் சயாமை நோக்கி வந்தனர். இவ்வளவே உண்மை. இதற்கு மேல் ஒரு சொல் கூட்டினாலும், மாற்றான் முழுவதையும் பொய்யென்று தள்ளிவிடுவான்.

ஐந்தாவது எண்ணம், சேவை செய்தவர்களை ஒரே கோட்டின் இருபுறமும் நிறுத்தி, இவர்கள் வீரர்கள், அவர்கள் துரோகிகள் என்று தீர்ப்புக் கூறுவது. ஒரு குடும்பத்திலேயே அண்ணன் பிரிட்டிஷ் படையிலும், தம்பி நேதாஜி படையிலும் இருந்திருக்கக்கூடிய காலம் அது. சிறைப்பட்ட இந்திய வீரர்களுள் நேதாஜி படையிற் சேர்ந்தோர் பல்லாயிரவர். தாம் முன்னர் எடுத்த உறுதிமொழியை மீற மாட்டோம் என்று சேர மறுத்தோரும் பல்லாயிரவர். மறுத்தவர்களிற் பலர் நியூ கினி போன்ற தொலைத் தீவுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டு, பட்டினியாலும் நோயாலும் அடியாலும் இறந்தனர். சேர்ந்தவன் விடுதலையை நினைத்தான். மறுத்தவன் கொடுத்த வாக்கை நினைத்தான். இருவரும் விலை கொடுத்தனர். பசியால் சேர்ந்தவனும் உண்டு. அச்சத்தால் சேர்ந்தவனும் உண்டு. எண்பது ஆண்டு கழித்து நிழலில் அமர்ந்திருக்கும் நாம், வெயிலில் நின்றவர்களுக்குத் தீர்ப்பெழுத அவசரப்படலாகாது.

ஆறாவது எண்ணமே மிகப் பெரிய தவறு. “சயாம் மரண ரயில் பாதையை வெள்ளைக்காரக் கைதிகள் போட்டார்கள்” என்பதே அது.

இவ்வெண்ணம் உலகெங்கும் பரவியதற்கு 1957ஆம் ஆண்டில் வெளிவந்த “குவாய் நதிப் பாலம்” என்னும் ஆங்கிலத் திரைப்படம் ஒரு காரணம். அப்படத்தில் சீட்டியடித்துக்கொண்டு நடந்து வரும் வெள்ளைக்கார வீரர்களை எவரும் மறக்க மாட்டார்கள். ஆனால் அப்பாதையில் உழைத்துச் செத்த தமிழ்த் தொழிலாளியின் கதையை அப்படம் சொல்லவில்லை.

மெய்க்கணக்கு இதுவாகும். 1942ஆம் ஆண்டில் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட அப்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். அதில் வேலை வாங்கப்பட்ட போர்க் கைதிகள் 60,000க்கு மேற்பட்டோர். அவர்களில் இறந்தோர் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளரோ ஏறத்தாழ 2 இலட்சம் பேர். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், தமிழர் என அனைவரும் அதில் இருந்தனர். மலாயாவிலிருந்து சென்றவர்கள் மட்டும் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களிற் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். இறந்த ஆசியர்களின் எண்ணிக்கை 90,000 வரை இருக்கும் என மதிப்பிடப்படுகிறது. அதாவது, இறந்த ஒவ்வொரு போர்க் கைதிக்கும் ஏறத்தாழ ஏழு ஆசியத் தொழிலாளர் இறந்திருக்கின்றனர்.

பிறகு ஏன் கைதிகளை மட்டும் உலகம் நினைக்கிறது? காரணம், தாள். கைதி ஒவ்வொருவருக்கும் பெயரும் எண்ணும் இருந்தன. கூட இருந்த அதிகாரிகள், இறந்தவர் பெயரையும் புதைத்த இடத்தையும் மறைவாகக் குறித்து வைத்தனர். மருத்துவர்களும் அவர்களுடன் இருந்தனர். போர் முடிந்ததும் கல்லறைகளைத் தேடிச் செல்ல அதற்கென அமைப்பு இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. சிலர் கூலி தருவதாகச் சொன்ன சொல்லை நம்பிச் சென்றனர். சிலர் வலுக்கட்டாயமாக ஏற்றப்பட்டனர். வாந்திபேதி கண்ட முகாம்களில் மருத்துவரின்றி மாண்டவர்கள், யார் எவர் என்ற குறிப்பின்றிக் குழிகளில் இடப்பட்டனர். காஞ்சனபுரியில் போர்க் கைதிகளின் கல்லறைகள் வரிசையாக, பெயருடன், பூச்செடிகளுடன் நிற்கின்றன. அவற்றைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகளே. ஆனால் நம் தோட்டத்து ஆளுக்கு அத்தகைய கல் இல்லை.

அவர்கள் படைவீரர்கள் அல்லர். தாமே விரும்பிச் சேவை செய்தவர்கள் என்றும் சொல்ல இயலாது. ஆயினும் போர் அவர்கள் உடலுழைப்பைத் தின்றது. போரில் சேவை செய்தோர் பட்டியலை எவர் எழுதினாலும், இவர்களுக்கென ஒரு பக்கம் ஒதுக்காமல் அது நிறைவு பெறாது.

இவற்றையெல்லாம் தெரிந்துகொள்வதனால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பயன் இருக்கிறது. ஒரு பிள்ளை பள்ளியில் வரலாறு படிக்கும்போது, “இதில் நம் வீட்டார் எவரும் இல்லை” என்று எண்ணினால், இந்நாட்டின் கதை தனக்குச் சொந்தமன்று என்றே வளரும். அப்பிள்ளையின் பாட்டனார் சயாமில் கல்லுடைத்தவராக இருக்கலாம். பாட்டி மேமியோவில் கட்டுப் போட்டவராக இருக்கலாம். சொல்லாவிட்டால் தெரியாது. தெரியாததை ஆசிரியரே சிவப்பு மையால் அடித்துவிடுவார். நாம் அடித்ததைப் போல.

அக்காலத்தை நேரிற் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே. ஆனால் அவர்கள் வாயாற் கேட்ட பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இம்மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். உங்களால் செய்யக்கூடியவை சில உண்டு. அவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவதாக, வீட்டிலுள்ள தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய நிழற்படம், அடையாளச் சீட்டு, கடிதம், ஜப்பானியக் காலத்து நோட்டு எதுவாயினும் எறிந்துவிடாதீர்கள். ஆண்டு 2602 என்றோ 2604 என்றோ இருந்தால் பிழையென்று எண்ணாதீர்கள். 660ஐக் கழித்தால் நம் ஆண்டு கிடைக்கும். படத்தில் இருப்பவரின் பெயர், ஊர், தோட்டம் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி அதனுடன் வையுங்கள்.

இரண்டாவதாக, வயதில் மூத்தவர்களிடம் அமர்ந்து கேளுங்கள். “சண்டைக்குப் போனீர்களா?” என்று மட்டும் கேட்டால், “இல்லை” என்ற விடையே வரும். “அந்தக் காலத்தில் நம் தோட்டத்திலிருந்து யார் யார் போனார்கள்? யார் திரும்பவில்லை? அவர்கள் பெயர் என்ன?” என்று கேளுங்கள். பெயர் முக்கியம். தந்தை பெயரும் தோட்டத்தின் பெயரும் சேர்ந்திருந்தால் மிக நன்று.

மூன்றாவதாக, கேட்டதைக் கேட்டபடியே எழுதுங்கள். அழகுபடுத்த வேண்டா. அவர் பசிக்காகப் போனேன் என்றால் அவ்வாறே எழுதுங்கள். நினைவில்லை என்றால், நினைவில்லை என்றே எழுதுங்கள். எழுதியதன் படியொன்றைப் பள்ளி நூலகத்திலோ ஆலய நிருவாகத்திடமோ கொடுத்து வையுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்திற்கும் தெரிவிக்கலாம்.

நான்காவதாக, அண்டை வீட்டு மலாய்க்காரரிடமும் சீனரிடமும் அவர்கள் வீட்டுக் கதையைக் கேளுங்கள். நம் கதையை அவர்கள் கேட்க வேண்டுமென விரும்பும் நாம், அவர்கள் கதைக்கும் செவி கொடுத்தல் முறையன்றோ? பாசிர் பாஞ்சாங்கில் மாண்டவரும், பத்து காஜா சிறையில் மாண்டவரும், சயாம் காட்டில் மாண்டவரும் ஒரே போரில் மாண்டவர்களே.

இறுதியாக, அச்சிறுமியின் கட்டுரையைப் பற்றி ஒரு சொல். அன்று பாட்டியார் வீடு திரும்பிய பின், அவளுடைய நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினோம். நாம் எழுதிய குறிப்பை அடித்துவிட்டு, “ஆசிரியர் பிழை, நீ எழுதியது உண்மை” என்று எழுதிக் கையொப்பமிட்டோம். மறுநாள் அவள் அக்கட்டுரையை வகுப்பில் படித்தாள். படித்து முடித்ததும், பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, “சார், எங்க தாத்தாவோட அப்பாவும் சயாமுக்குப் போனாராம், எழுதலாமா?” என்று கேட்டான். அவனுக்குப் பின் இன்னும் மூவர் எழுந்தனர். முதல் நாள் அவர்கள் எல்லாரும் மரவள்ளிக் கிழங்கைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தார்கள்.

எழுதலாமா என்று எந்தப் பிள்ளையும் இனிக் கேட்க வேண்டிய நிலை வரலாகாது. எழுதுக என்று இன்றிரவே உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.